பூகா: ஆவி வருது, கரன்ட் வரலை

லடாக்கின் லே நகரிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பியது வண்டி. உப்ஷி தாண்டியதும் சிந்து நதி கூடவே வந்தது. சுமாதாங்கில் ஒரு நூடுல்ஸ், மாஹே பாலத்தில் நதியைக் கடந்து சும்தோ, அப்புறம் பூகா பள்ளத்தாக்கு. உயரம் சுமார் 4,400 மீட்டர். வண்டியை விட்டு இறங்கிப் பத்தடி வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

முதலில் வந்தது கந்தக நாற்றம். "மூக்கைப் பொத்தாதீங்க சார், பழகிடும்" என்றார் டிரைவர், இந்தியில். தரையெல்லாம் வெள்ளை. ஜூலை மாதத்தில் பனியா என்று குனிந்து தொட்டால், விரலில் உப்பு மாதிரி நொறுங்கியது. வெங்காரம்! நகை பற்றவைக்கும்போது எங்கள் தெரு ஆசாரி தொட்டுக்கொள்வாரே, அதேதான். இங்கே நிலமே அதைத் துப்பிப் போட்டிருக்கிறது.

ஊற்று கொதித்துக்கொண்டிருந்தது. இங்கே ஊற்றுகளின் வெப்பம் 84 டிகிரி வரை போகும். குறைவாகத் தோன்றலாம், ஆனால் இந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். சற்றுத் தள்ளி ஒரு துருப்பிடித்த குழாயிலிருந்து உஸ்ஸென்று ஆவி. ஆள் யாருமில்லை.

இந்தப் பூமிச்சூட்டிலிருந்து கரன்ட் எடுக்க முடியுமா என்று பார்க்க இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1973-லேயே இங்கே வந்துவிட்டது. 34 ஆழ்துளைகள் போட்டார்கள். அதிலே ஆழமானது 385 மீட்டர். ஆழத்தில் 140 டிகிரி வரை சூடு கிடைத்தது. அந்தச் சூட்டில், தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாகும் வேறொரு திரவத்தைக் கொதிக்கவைத்து டர்பைனைச் சுற்றலாம். பிறகு ஏன் ஐம்பது வருஷமாக ஒரு பல்புகூட எரியவில்லை?

போர்வெல் போட்டு ஏமாந்த வீட்டுக்காரனுக்கு இது சட்டென்று புரியும். எங்கள் வீட்டில் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் சொன்ன இடத்தில் 700 அடி இறக்கினோம். புழுதிதான் வந்தது. அடிக் கணக்குப் பணம் மட்டும் போனது. சோலார் பேனல் வாங்குகிறவனுக்கு வெயில் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். பூமிச்சூட்டுக்குத் துளை போட்ட பிறகுதான் தெரியும். அந்த முதல் துளைக்குத் தனியார் யாரும் காசு போடமாட்டார்கள். இங்கே அரசாங்கம் கைகொடுக்க வேண்டியது கரன்ட்டின் விலைக்கு அல்ல, புழுதி வந்தால் ஆகும் நஷ்டத்துக்கு என்பது என் கட்சி.

2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசி எரிசக்தி மையம், லடாக் நிர்வாகம், லே மலை மேம்பாட்டுக் கவுன்சில் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. முதல் கட்டமாக 1 மெகாவாட் மாதிரி நிலையம். ஆரல்வாய்மொழியில் இப்போது நிறுத்துகிற ஒற்றைக் காற்றாலையே இதைவிடப் பெரிது. ஆனால் காற்றாலை காற்றுக்குக் காத்திருக்கும். இது உறைபனி ராத்திரியிலும் ஓடும்.

2022 ஆகஸ்டில், அதற்காகப் போட்ட துளையிலிருந்து வெளியேறிய திரவம் பூகா ஓடையில் கலந்து, வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். "அந்தத் தண்ணி நேரா சிந்துவுக்குப் போகுது சார். ஆடுங்க எதைக் குடிக்கும்?" என்றார் டிரைவர். பஷ்மினா ஆடுகளை நம்பிப் பிழைக்கும் சாங்பா மேய்ப்பர்களின் பூமி இது. மாதிரி நிலையம் என்றால் டர்பைனுக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதாது. கழிவுநீரைத் தேக்கும் குட்டைக்கும், அதைத் திரும்ப மண்ணுக்குள் செலுத்தும் துளைக்கும் சேர்த்துத்தான் பணம் ஒதுக்க வேண்டும். 2025-இல் மத்திய அரசு புவிவெப்பத்துக்கென்றே தேசியக் கொள்கை கொண்டுவந்தது. மாதிரித் திட்டங்களுக்கு அதில் இடம் உண்டு.

இருட்டுவதற்குள் கோர்சோக் போய்ச் சேர்ந்தோம். தங்கிய வீட்டில் தகர அடுப்பில் காய்ந்த சாணம் எரிந்துகொண்டிருந்தது. ஷூவைக் கழற்றி அதன் ஓரம் வைத்தேன். ஈரம் காயக் காய, அடிப்பாகத்தில் வெள்ளையாகப் பூத்தது. உப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா ஷூவைப் பார்த்துச் சிரித்தார்.

"பூகா?"