கால், ஓடு, தலை, நிறம் கடைசி

பள்ளியில் எங்களுக்கு ஆமை பார்க்கக் கற்றுக்கொடுத்த 'ஆமை வாத்தியார்' காலமாகிவிட்டார் என்ற செய்தி சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது மெல்போர்னில் விடிந்துகொண்டிருந்தது. வந்த இரங்கல்களில் பாதி அவருடைய பிரம்பைப் பற்றியவை, மீதி சனிக்கிழமைக் குளத்து நடையைப் பற்றியவை. பிரம்பை மற்றவர்கள் எழுதட்டும். அவர் ஆமை பார்த்த முறையை யாராவது எழுதிவைக்க வேண்டும்.

கண்ணில் பட்டது எந்த ஆமை என்று இனம் காண ஒரு வரிசை உண்டு: முதலில் கால், பிறகு ஓடு, பிறகு தலை. நிறம் கடைசி. "கருப்பு ஆமைங்க சார்" என்று முந்திக்கொண்டு சொன்னவனுக்கு, "நனைஞ்சா எல்லாமே கருப்புத்தான் கண்ணு, உக்காரு" என்று பதில் வரும். வகுப்பே சிரிக்கும். அந்தக் 'கண்ணு' பிரம்படியைவிட அதிக நாள் வலித்தது. ஆனால் சொன்னது சரிதான். பாசி படிந்த ஓடு பச்சையாகத் தெரியும், சேறு காய்ந்த ஓடு சாம்பலாகத் தெரியும். நிறத்தை நம்பினால் ஒரே ஆமை காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று.

விரல் பிரியாமல், சவ்வில்லாமல், உருண்டு திரண்ட மொட்டைக் கால் என்றால் அது தண்ணீர் ஆமையே அல்ல. நம் மானாவாரிக் காட்டோரம் என்றால் பெரும்பாலும் நட்சத்திர ஆமை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பயந்து அதைத் தூக்கிக் கிணற்றில் போடுகிற புண்ணியவான்கள் உண்டு. நீந்தி நிலைக்க அதனால் ஆகாது. ஏற வழியில்லாத கிணற்றில் செத்து மிதக்கும். எங்கே கண்டார்களோ அங்கேயே புதர் மறைவில் விட்டுவிடுவதுதான் சரி.

விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் ஓட்டுக்கு வரலாம். கெட்டியான, தகடு தகடாகப் பிரிந்த ஓட்டில் தலையிலிருந்து வால் பக்கமாக மூன்று முகடுகள் ஓடினால் நம்மூர்க் கருப்பு ஆமை. நடுமுகடு எடுப்பாக இருக்கும், பக்கத்து இரண்டும் அடங்கியிருக்கும். வயதான ஆமையில் முகடுகள் தேய்ந்துபோகும், அங்கேதான் குழப்பம். அப்போது பாறையில் வெயில் காயும்வரை காத்திருந்து பக்கவாட்டில் பார்க்க வேண்டும். சாய்ந்த காலை வெயிலில் தேய்ந்த முகடும் நிழல் காட்டும்.

தகடே இல்லாமல் தோல் போர்த்திய வழவழப்பான ஓடு, காலுக்கு மூன்று நகம், குழாயாக நீண்ட மூக்கு என்றால் மெல்லோட்டு ஆமை. குளம், குட்டை, வாய்க்கால், கிணறு எங்கும் இருப்பது பால் ஆமை. அதன் அடிப்பக்கம் பார்க்கத் தகுந்தது. வயிற்று ஓட்டின் பின்கோடியில் இரண்டு தோல் மடல்கள். பின்னங்காலை உள்ளே இழுத்ததும் கதவு சாத்துவதுபோல மூடிக்கொள்ளும். வளர்ந்ததில் வயிற்றில் ஏழு சொரசொரப்பான தடிப்புகள் தெரியும். குஞ்சில் அவற்றைத் தேடக்கூடாது.

பவானி, மோயாறு, காவிரியில் மடல் இல்லாத இன்னொரு மெல்லோட்டு ஆமை உண்டு: லீத் ஆமை. அரை மீட்டரைத் தாண்டி வளரும். பச்சை சாயல் தலையில் கண்களுக்கிடையிலிருந்து பிடரிவரை ஒரு கருங்கோடு. குஞ்சின் முதுகில் கண் வடிவப் பொட்டுகள், வளர வளர மங்கிவிடும். இன்று மிக மிக அருகிவிட்ட இனம். மெல்லோட்டு ஆமைகளின் கழுத்து நீளம். விலாவில் பிடித்தால் திரும்பிக் கடிக்கும். ஆகவே தூக்காமல், வெயிலை முதுகுக்குப் பின் வைத்து, எட்டு மடங்கு பைனாகுலரில் பார்ப்பதே நல்லது. பால் ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோவது குற்றமும்கூட.

வாத்தியார் காலத்தில் நம் குளங்களில் இல்லாத தலைவலி ஒன்று இப்போது வந்திருக்கிறது: கடையில் காசளவு குஞ்சாக விற்கும் அமெரிக்க ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, கழுத்தில் மஞ்சள் கோடுகள். தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். கிழட்டு ஆண் கறுத்துப் பட்டையும் மறைந்தால் நம் கருப்பு ஆமை என்றே தோன்றும். மூன்று முகடு இருக்கிறதா என்ற கேள்விதான் அதையும் பிரிக்கும்.

இங்கே விக்டோரியாவில் அந்த அமெரிக்க ஆமையை வைத்திருக்கவே அனுமதியில்லை. ஓடையில் இருப்பது நீளக்கழுத்து ஆமை. அது தலையை நேராக உள்ளிழுக்காது. கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டு விளிம்புக்கு அடியில் செருகிக்கொள்ளும். நம் பக்கத்து ஆமைகள் எல்லாமே நேராக இழுப்பவை என்பதால் வாத்தியாரின் வரிசையில் கழுத்துக்கு இடமே இல்லை. இங்கே முதல் கேள்வியே அதுதான். இந்த நீளக்கழுத்து ஆமையின் படம் ஒன்று வாத்தியாருக்குப் போயிருந்தால் வரிசையையே மாற்றி எழுதியிருப்பார், அதற்கும் நம்மைத் திட்டியிருப்பார். அந்த வகுப்பில் பாதிப் பேர் கடல் தாண்டிவிட்டோம். ஒருவரும் அனுப்பியதாகத் தெரியவில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் குட்டைகள் நிறைந்திருக்கும். கோடையில் போனால் வண்டல் அள்ளும் இடங்களைப் பாருங்கள். சேற்றுக்குள் அசையாமல் கிடக்கும் பால் ஆமை பெரும்பாலும் செத்ததல்ல, கோடையைக் கடத்துகிறது. ஆற்றுக்குக் கொண்டுபோய் விட வேண்டாம். அதே குளத்தில் ஈரம் மிச்சமிருக்கும் ஓரத்துச் சேற்றில், நிழலில் விட்டால் போதும். ஜேசிபி ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவைத்தால் அவரே எடுத்து வைத்துவிடுவார்.