பாசல் நகரின் இரும்பு நடிகர்கள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ரைன் நதியைப் படகிலேயே கடக்கலாம். படகில் மோட்டார் கிடையாது. நதிக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் படகை மாட்டியிருக்கிறார்கள், நீரோட்டமே அதை அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது. அப்படி இறங்கி, பழைய நகரத்துக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் தியேட்டர்பிளாட்ஸ் சதுக்கம். அங்கேதான் சுவிஸ் சிற்பி ழான் டாங்லியின் நீரூற்று.

கருப்புத் தளம் போட்ட, ஆழமில்லாத அகலமான தொட்டி. உள்ளே பத்து இரும்பு உருவங்கள் ஓயாமல் வேலை பார்க்கின்றன. ஒன்று மண்ணை வாருவதுபோலத் தண்ணீரை வாரி வாரிக் கொட்டுகிறது. ஒரு சல்லடை இருக்கிறது, தண்ணீர் அதில் நிற்குமா? ஓட்டை வழியே ஒழுகிப் போகிறது, அதுவும் சளைக்காமல் தன் வேலையைச் செய்கிறது. ஃபாஸ்நாக்ட் என்ற ஊர்க் கேளிக்கைத் திருவிழாவில் குழல் ஊதுகிறவர்கூட இங்கே இரும்பாக நிற்கிறார். குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் சின்ன மோட்டார்கள்தான் எல்லாவற்றையும் ஆட்டுகின்றன. அதனால் அசைவில் ஒரு தயக்கமும் திக்கலும் உண்டு. அதுதான் அவற்றுக்கு உயிர் தருகிறது என்பேன்.

பலரும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் இந்த இடத்தின் கதை தெரிந்தால் கால் நகராது. நகரத்தின் பழைய நாடக அரங்கு இங்கேதான் இருந்தது. 1975-ல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மேடை இருந்த அதே இடத்தில், அந்த மேடையின் பழைய இயந்திரங்களிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டே டாங்லி இந்த உருவங்களைச் செய்தார். 1977-ல் நீரூற்று ஓடத் தொடங்கியது. திரைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் உழைத்த இரும்புக்குக் கடைசியில் வேஷம் கிடைத்துவிட்டது! தகர்த்த கட்டடத்துக்கு இதைவிட நல்ல நினைவுச்சின்னம் எனக்குத் தெரியாது.

கடுங்குளிரில் தெறிக்கும் தண்ணீர் அப்படியே உறைந்து, உருவங்கள் பனிக்கட்டி போர்த்திக்கொள்ளும். வெயில் காலத்தில் போனால் தொட்டியின் விளிம்பில் உட்காரலாம், சாரல் முகத்தில் அடிக்கும்.

ரைன் கரையிலேயே டாங்லிக்குத் தனி அருங்காட்சியகம் உண்டு. கட்டடக் கலைஞர் மாரியோ போட்டா வடிவமைத்தது, 1996-ல் திறந்தார்கள். அதையும் பாருங்கள், ஆனால் முதலில் இங்கே வந்துவிடுங்கள். அங்கே பல இயந்திரங்கள் பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும், பழையவை என்பதால் ஓய்வு கொடுக்கிறார்கள். இங்கே டிக்கெட்டும் இல்லை, இடைவேளையும் இல்லை.