வேலியோரத்துக் கணக்கு

பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் மாவட்டத்துப் பால் பண்ணை ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மனைவிக்கு அங்கே செவிலியர் வேலை. நான் கூடப் போனவன். ஊரில் கால்நடை மருத்துவம் படித்திருந்தாலும் அந்த நாட்டில் மருத்துவம் பார்க்க அது செல்லாது. மாட்டுக் கொட்டகையில் இடம் கிடைத்தது. விடிகாலை நாலு மணிக்குக் கறவை, அப்புறம் தீவனம், கன்றுகள், பதிவேடு. நூற்றைம்பது ஹோல்ஸ்டீன் மாடுகள். சேரும்போது சொன்ன வேலைகளில் துப்பாக்கி இல்லை.

அது வந்தது இரண்டாம் வருட ஜூனில். குதிரைமசால் அறுத்துக்கொண்டிருந்தேன். டிராக்டரின் முன்சக்கரம் திடீரென்று இறங்கியது, நாக்கைக் கடித்துக்கொண்டேன், பின்னால் வந்த அறுப்பு இயந்திரம் மண்ணில் குத்தி நின்றது. இறங்கிப் பார்த்தால் புல்லுக்குள் ஒரு பொந்து. காலை விட்டால் தொடை வரை போகிறது. வளைந்த பாகம் வந்து சேர்வதற்குள் மழை வந்து, அறுத்துப் போட்ட தீவனம் எல்லாம் நனைந்துவிட்டது. முதலாளி திட்டவில்லை. மறுநாள் சமையலறை மேசையில் நீளமான பெட்டி ஒன்றை வைத்தார். "இனிமேல் இதுவும் உன் வேலைதான்" என்றார். உள்ளே ஒரு ஏர் ரைபிள், காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி.

பொந்து கிரவுண்ட்ஹாக் என்ற விலங்கினுடையது. பெயரில் பன்றி இருக்கிறதே தவிர, இது அணில் குடும்பம். நம் அணிலை நாலைந்து கிலோவுக்குக் கொழுக்க வைத்து, வாலைப் பாதியாக நறுக்கினால் எப்படியோ அப்படி. இதற்கே உட்சக் என்றும் பெயர். அதில் கேட்கிற 'உட்' மரமல்ல, அமெரிக்கப் பூர்வகுடிகளின் சொல் ஆங்கில வாயில் திரிந்தது. பக்கத்து விவசாயி ஆமிஷ், பழைய முறையிலேயே வாழும் கிறிஸ்தவப் பிரிவு. அவர் தங்கள் பென்சில்வேனிய ஜெர்மனில் குருண்ட்ஸாவ் என்பார். அதுவும் நிலப்பன்றிதான். அந்த மொழிக்காரர்கள் இந்த விலங்கின் பேரில் 1930களிலிருந்து சங்கம் வைத்து வருடம் ஒருமுறை விருந்து நடத்துகிறார்கள். விருந்தில் ஆங்கிலம் பேசினால் அபராதம் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நம் ஊர் மேடைகள் ஞாபகம் வந்தன. பங்ஸடானி என்ற ஊரிலோ 1887 முதல் பிப்ரவரி 2 அன்று ஒன்றைத் தூக்கிப் பிடித்து, அது தன் நிழலைப் பார்த்ததா இல்லையா என்று வசந்தத்துக்கு ஜோசியம் கேட்கிறார்கள். மாநிலத்தின் அந்த ஓரத்தில் மாலை மரியாதை, இந்த ஓரத்தில் என் கையில் துப்பாக்கி.

உண்மையில் இந்தப் பெயரை நான் கல்லூரியிலேயே ஒரு தடவை கேட்டிருந்தேன், கீழாநெல்லி பற்றிய வகுப்பில். மனிதனின் ஹெபடைடிஸ் பி வைரஸுக்குப் பங்காளி மாதிரி ஒரு வைரஸ் உட்சக்கின் ஈரலில் உண்டு. ஹெபடைடிஸ் பி ஆராய்ச்சிக்காக 1976-ல் நோபல் வாங்கிய ப்ளம்பெர்க்கும் அவருடன் வெங்கடேஸ்வரன் என்பவரும் கீழாநெல்லிச் சாற்றை இந்த விலங்குகளில் சோதித்து 1987-ல் கட்டுரை எழுதினார்கள். மனிதர்களிடம் பிற்பாடு செய்த சோதனைகளில் அந்த நம்பிக்கை அவ்வளவாக நிலைக்கவில்லை. ஆனால் அந்த பிலடெல்பியா ஆய்வுக்கூடம் எங்கள் பண்ணையிலிருந்து ஒன்றரை மணி நேர வண்டிப் பயணம். பாட்டி மோரில் அரைத்துக் கொடுத்த செடிக்கும் என் டிராக்டரைக் கவிழ்க்கப் பார்த்த பிராணிக்கும் அப்படி ஒரு சம்பந்தம்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். ஏன் ஏர் ரைபிள் என்று கேட்டேன். முதலாளி கையை நீட்டி ஒரு சுற்றுக் காட்டினார்: தகரக் கூரை, மாடுகள், சாலை, பக்கத்து வீட்டுக் குழந்தைகள். வெடிமருந்துத் தோட்டா குறி தவறினால் ஒரு மைலுக்கு மேல் போகும். இதன் ஈயக்குண்டு உடுக்கை மாதிரி இடை சிறுத்தது, சீக்கிரம் வேகம் இழந்துவிடும். இன்னொரு வசதி எனக்கு: வெடிமருந்து இல்லாததால் மத்திய அரசின் சட்டத்தில் இது துப்பாக்கிக் கணக்கிலேயே வராது. விசாவில் இருப்பவனுக்கு அது பெரிய நிம்மதி. ஆனாலும் மாநில வேட்டை உரிமம் வேண்டும், அதற்கு முன் பாதுகாப்பு வகுப்பு, தேர்வு. இந்த விலங்குக்கு குழாய் அகலம் பாயிண்ட் 22 அங்குலத்துக்குக் குறைந்த ஏர் ரைபிள் கூடாது என்பதும் விதி. கார் டயரில் 32 பிஎஸ்ஐ காற்றடிப்போம். இதன் சிலிண்டரில் 3000. கைப்பம்பில் அடித்தால் நாலு மணிக் கறவை தேவலை என்று தோன்றும். கடைசியில் முக்குளிப்பவர்களின் காற்றுத் தொட்டி ஒன்று வாங்கினோம்.

முதல் குண்டை வேலிப் பலகையில் போட்டேன். பலகையின் மேல்விளிம்பை ஒட்டிப் படுத்திருக்கிறேன், தொலைநோக்கியில் விலங்கு மீசை தெரிய நிற்கிறது, விசையை இழுத்தால் முகத்துக்கு முன்னாலேயே மரச்சிலும்பு பறக்கிறது. தொலைநோக்கி குழாய்க்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கிறது. கண்ணுக்கு வழி திறந்திருந்தாலும் குண்டுக்கு வழி இல்லை. அந்தப் பலகையை முதலாளி மாற்றவே இல்லை. யார் வந்தாலும் அழைத்துப் போய்க் காட்டுவார்.

இரண்டாவது தப்பு சிரிக்கிற மாதிரி இல்லை. அறுபது கஜம் இருக்கும், குறுக்குக் காற்று, நான் அவசரப்பட்டேன். வயிற்றில் பட்டு, கத்திக்கொண்டே பொந்துக்குள் போய்விட்டது. இருட்டும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அங்கே ஈ மொய்த்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு பொந்திலிருந்தும் 35 கஜத்தில் ஒரு முளைக்குச்சி அடித்தேன். குச்சிக்கு இந்தப் பக்கமிருந்துதான் சுடுவது, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில்தான் சுடுவது, பக்கவாட்டில் திரும்பாவிட்டால் விட்டுவிடுவது. செத்ததை ஆழமாகப் புதைத்துவிடுவேன். ஈயத்தோடு கழுகு தின்றால் அதற்கும் கேடு.

குச்சிக்குப் பின்னால் கிடந்தேதான் அந்த நிலத்தைப் படித்தேன். மண் குவியலோடு இருப்பது முன்வாசல். அதற்குச் சற்றுத் தள்ளி, உள்ளேயிருந்து தோண்டிய பின்வாசல். மண்ணே வெளியில் கிடக்காது. என் டிராக்டர் இறங்கியது அப்படி ஒன்றில்தான். ஆமிஷ்காரருக்கு இது இன்னும் பெரிய பயம். அவர் உழுவது குதிரையால். டிராக்டர் சக்கரத்தைப் பாகம் வாங்கி மாட்டலாம், குதிரைக் காலுக்கு என்ன செய்வது. கிரவுண்ட்ஹாக்கோ விசிலடித்தால் ஓடுவதற்குப் பதில் பின்னங்காலில் எழுந்து நின்று பார்க்கும். அந்த மூன்று நான்கு விநாடிதான் நமக்கு. அப்பா போனில் கேட்டார், "அதைத் திங்கிறாங்களாடா?" சிலர் தின்பார்கள், அக்குளில் இருக்கும் சுரப்பியை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றேன். "அப்போ நம்ம வயல் எலி மாதிரிதான்" என்று முடித்துக்கொண்டார்.

நான்காம் வருடம் மே மாதக் கடைசி. சோயா முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. வேலியோரத்தில் பொந்தைச் சுற்றி அரைவட்டமாக வழுக்கை. முளையை முளையாகக் கடித்துப் போட்டிருந்தது. சாயங்காலக் கறவைக்கு முன் போய்ப் படுத்தேன். காற்றில்லை, குச்சிக்கு இந்தப் பக்கம், பக்கவாட்டுத் தலை. எல்லாம் விதிப்படி. நின்ற இடத்திலேயே விழுந்தது.

எடுக்கப் போய்த் திருப்பினேன். வயிற்றில் முலைக்காம்பைச் சுற்றி முடி தேய்ந்து வட்ட வட்டமாகத் தோல் தெரிந்தது. காம்பு நனைந்திருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை நூற்றைம்பது மடியைத் துடைத்துப் பார்க்கிறவன் நான். பால் கொடுக்கும் காம்பு எது, வற்றிய காம்பு எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் கட்டைவிரலால் அழுத்தினேன், கொட்டகைப் பழக்கம். வந்தது.

கணக்கு எனக்குத் தெரியாததா? பிப்ரவரியில் குளிர்காலத் தூக்கம் கலையும், மார்ச்சில் சேரும், ஒரு மாதத்தில் ஈனும். ஏப்ரல் கடைசியில் ஈன்றது என்றால் குட்டிக்கு அப்போதுதான் கண் திறந்திருக்கும். ஐந்தடி ஆழத்தில் எத்தனை இருக்கும், மூன்றோ நாலோ. பொந்து வாயில் காதை வைத்துப் படுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. தோண்டலாமா என்று நினைத்தேன். சுரங்கம் முப்பது நாற்பது அடி வளைந்து போகும், மண் சரிந்தால் நானே மூடிவிடுவேன். கொட்டகையில் கறவைக்கு மாடுகள் கத்த ஆரம்பித்தன. எழுந்து போனேன்.

இரவு முதலாளியிடம் சொன்னேன். இனிமேல் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை சுட மாட்டேன், மார்ச்சில் புல் வளருமுன் முடிந்ததை முடித்துவிடுகிறேன், மிச்சம் ஜூலையில் என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "சோயா முளைப்பதே அந்த மாதங்களில்தானே. ஜூலையில் சுட்டு என்ன காப்பாற்றப் போகிறாய்?" அவர் சொன்னது நியாயம்தான். சோயா அவருடையது, நஷ்டம் அவருடையது. என்னிடம் பதில் இல்லை, பிடிவாதம் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பெட்டிச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அடுத்த வருடம் மார்ச் முழுக்க வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பியோடு குளிரில் கிடந்தேன். ஏழு எடுத்தேன். வேலியோரத்துப் பொந்தில் புதிதாக ஒன்று குடிவந்தது ஏப்ரல் கடைசியில். மே மாதம் தினமும் தீவனம் போடப் போகும்போது டிராக்டரிலிருந்து அதைப் பார்ப்பேன், அதுவும் எழுந்து நின்று என்னைப் பார்க்கும். வழுக்கை ஒரு சமையலறை அகலத்திலிருந்து இரண்டு சமையலறை அகலமாகியது.

அக்டோபரில் வாடகைக்கு வந்த கம்பைன் அறுவடை இயந்திரம் சோயா அறுத்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துத் திரையில் மகசூல் வரைபடம் ஏறிக்கொண்டே வரும். நன்றாக விளைந்த இடம் பச்சை, விளையாத இடம் சிவப்பு. முதலாளி என்னையும் ஏணியில் ஏறி வரச் சொன்னார். பச்சைக்கு நடுவே, வேலியை ஒட்டி, பொட்டு மாதிரி ஒரு சிவப்பு. அதன்மேல் விரலை வைத்தார்.

"இது உன் வயல்" என்றார்.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை. முன்சக்கரம் பொந்தில் இறங்காமல் வளைத்து ஓட்டிக்கொண்டு போனார்.