ஆற்றில் பாய்மரப் பந்தயம்: விதிகளைத் தண்ணீரில் வைத்துப் பார்த்த ஒரு சீசன்

ஏரியில் பாய்மரப் படகு ஓட்டிப் பழகியவன் நான். இந்தச் சீசனில் ஆற்றில் நடக்கும் கிளப் பந்தயங்களுக்கு இறங்கினேன். விதிப்புத்தகம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். வேர்ல்டு செய்லிங் அமைப்பு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடும் பந்தய விதிகளின் 2025–2028 பதிப்பு இப்போது நடப்பில் இருக்கிறது. ஏரியில் எப்போதாவது தலைகாட்டும் சில விதிகள் ஆற்றில் ஒவ்வொரு சுற்றிலும் வந்து நிற்கின்றன. தடைக்கு அருகே இடம் கேட்பது, கரையோரம் நுழைவது, சுற்றிவர வேண்டிய மிதவையைத் தொடுவது, நங்கூரம் போடுவது ஆகியவை பற்றிய விதிகளைத்தான் சொல்கிறேன். அவற்றைச் செய்து பார்த்து எழுதி வைத்த குறிப்புகள் இவை.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் நீரோட்டத்தை அளந்தேன். கரையில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கழிகளை அடையாளமாக நட்டு, நடு ஆற்றில் ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு நேரம் பார்த்தேன். ஏறக்குறைய 40 விநாடி ஆனது. விநாடிக்கு அரை மீட்டர், அதாவது சுமார் ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்). கரையை ஒட்டிப் போட்ட துண்டு அதில் பாதி வேகம்கூடப் போகவில்லை. வளைவின் உட்புறத்தில் ஓரிடத்தில் அது மேல்நோக்கியே மெல்ல நகர்ந்தது. ஒரு நாட் என்பது கேட்கச் சின்ன எண். ஆனால் நிமிடத்துக்கு 30 மீட்டர். என் படகின் நீளம் 4.2 மீட்டர். பாயைத் தளர்த்திவிட்டுச் சும்மா இருந்தால் ஒரே நிமிடத்தில் ஏழு படகு நீளம் கீழே போயிருப்பேன். ஆற்றில் பந்தயம் ஓட வருபவர்கள் முதலில் இந்த அளவை எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விதியில் வரும் ஒவ்வொரு தூரமும் ஒவ்வொரு நேரமும் இந்த எண்ணோடு சேர்ந்தால்தான் பொருள்படும்.

தொடக்கம்

ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி (பந்தயம் ஓடும் படகு வகைக்கான கொடி) ஏறும். நான்கு நிமிடத்தில் ஆயத்தக் கொடி, வழக்கமாக நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள பி கொடி. ஒரு நிமிடத்தில் அது இறங்கும். அதற்கு நீண்ட ஒலி. வகுப்புக் கொடி இறங்கும் கணத்தில் பந்தயம் தொடங்கும். நேரத்தைக் கொடியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஹார்ன் ஒலிக்காமல் போனாலும் கணக்கு மாறாது.

இதில் நான்காம் நிமிடத்துக்கு ஆற்றில் தனி எடை உண்டு. ஆயத்தக் குறிப்பு வந்ததுமே படகு பந்தயத்தில் இருப்பதாக விதி கொள்கிறது. அந்தக் கணத்திலிருந்து 42-ஆம் விதிப்படி காற்றையும் நீரையும் மட்டுமே நம்பி ஓட வேண்டும். துடுப்பை உள்ளே வைத்துவிட வேண்டும். சுக்கானை ஆட்டி உந்தக் கூடாது. காற்று மெலிந்த நாளில் அதற்கு முன்பே துடுப்புப் போட்டு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய்விடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

எங்கே நிற்பது என்பதைக் கொடிதான் தீர்மானிக்கும். முதல் கட்டம் ஓட்டத்துக்கு எதிராக இருந்து பி கொடி பறந்தால், தொடக்கக் கோட்டுக்குச் சற்று மேலே நின்று நீரோடு பின்னால் வழுகி, கடைசி விநாடிகளில் படகின் உடல் முழுவதும் கோட்டுக்குக் கீழே வரும்படி இறங்கி, உடனே பாயை இழுத்துக் கிளம்பலாம். இதைப் பலமுறை செய்து பார்த்துவிட்டேன். நன்றாக வேலை செய்கிறது. ஐ கொடி ஏறியிருந்தால் கதை வேறு. கடைசி நிமிடத்தில் கோட்டுக்கு அப்பால் இருந்தவர் ஏதாவது ஒரு முனையைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். யூ கொடிக்கும் கறுப்புக் கொடிக்கும் தண்டனை இன்னும் கடுமை. கோட்டுக்கும் முதல் மிதவைக்கும் இடையிலான முக்கோணத்தில் கடைசி நிமிடத்தில் இருந்தாலே தகுதி நீக்கம்.

முதல் கட்டம் ஓட்டத்தோடு போகும்போது எல்லோரும் முன்கூட்டியே தள்ளப்படுவார்கள். வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட எக்ஸ் கொடி ஏறினால், முந்திய படகு தன் உடல் முழுவதையும் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டுத்தான் மறுபடி தொடங்க முடியும். ஓட்டத்துக்கு எதிராக அந்தப் பத்து மீட்டரைக் கடப்பதே ஒரு பெரும்பாடு. அதனால் அந்த வகைத் தொடக்கங்களில் இரண்டாம் வரிசையில் நிற்பதையே நான் விரும்புகிறேன்.

கவனிக்க வேண்டிய நுட்பம் இன்னொன்று. தொடக்கக் கோட்டின் மிதவை நாலாபுறமும் ஓடத்தக்க நீரால் சூழப்பட்டிருந்தால், தொடங்க நெருங்கும் படகுகளுக்கு அங்கே இடம் கேட்கும் உரிமை கிடையாது. ஆனால் ஆற்றில் கோட்டின் ஒரு முனை கரையில் நட்ட கம்பமாகவோ படகுத்துறையின் மூலையாகவோ இருப்பதுண்டு. அதைச் சூழ்ந்து நீர் இல்லையே! அப்போது அந்த விலக்கும் பொருந்தாது. உட்புறப் படகு இடம் கேட்கலாம். கரைக் கம்பத்தை முனையாக வைக்கும் கிளப்புகளில் எல்லாரும் இதை ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

கரை

இந்தச் சீசனில் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது கரைதான். காற்றுக்கு நெருக்கி (காற்று வரும் திசைக்கு முடிந்தவரை நெருங்கி), ஓட்டத்துக்கு எதிராக ஏறும்போது எல்லாப் படகுகளும் வேகம் குறைந்த கரையோர நீரைத் தேடி வரும். அங்கே ஆழம் குறைவு, மரங்களின் காற்றுமறைவு வேறு. டாக் மாற்றி, அதாவது படகின் மூக்கைக் காற்றின் குறுக்கே திருப்பிப் பாயை மறுபக்கம் கொண்டுவந்து, திரும்ப வேண்டிய இடத்தில் பக்கத்திலேயே இன்னொரு படகு இருக்கும். இந்த நெருக்கத்துக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது 20-ஆம் விதி.

காற்றுக்கு நெருக்கி ஓடிக்கொண்டிருக்கும் படகு, தன் போக்கைப் பெரிதாக மாற்றாமல் தடையைப் பாதுகாப்பாகத் தவிர்க்க முடியாது என்ற நிலையில், அதே டாக்கில் (அதே பக்கக் காற்றில்) உள்ள அடுத்த படகைப் பார்த்து “ரூம் டு டாக்” (டாக் செய்ய இடம் வேண்டும்) என்று குரல் கொடுக்கலாம். கரையும் தடைதான், கரைக்கு முன்னால் உள்ள மணல்திட்டும் தடைதான். கேட்டவர் பதில் சொல்ல நேரம் தர வேண்டும். கேட்கப்பட்டவர் உடனே டாக் செய்ய வேண்டும், அல்லது “யூ டாக்” (நீங்கள் டாக் செய்யுங்கள்) என்று சொல்லி, மற்றவர் திரும்புவதற்கு இடம் விட வேண்டும். மூன்றாவது வழி இல்லை. அந்தக் குரல் நியாயமற்றது என்று தோன்றினாலும் முதலில் பதில் நடவடிக்கை எடுத்துவிட்டு, பிறகுதான் முறையீடு. குரல் கொடுத்தவரும் பதில் கிடைத்ததும் தாமதிக்காமல் திரும்பியாக வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்’ என்பதற்கு இடமில்லை. மூன்று படகுகள் வரிசையாக இருந்தால் நடுப்படகு அந்தக் குரலை அடுத்தவருக்குக் கடத்தலாம்.

ஒரு தோழியோடு பந்தயமில்லாத மாலைகளில் இதை மட்டும் பயிற்சி செய்தேன். குரல் எழுந்து, பதில் வந்து, இரண்டு படகும் திரும்பி முடிக்கச் சாதாரணக் காற்றில் ஏழெட்டு விநாடி பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் படகு போகும் தூரத்தைக் கரையிலிருந்து கழித்துப் பார்த்துத்தான் எங்கே வாய் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். நான்கு படகு நீளம் இருக்கும்போதே குரல் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். சென்டர்போர்டு (படகின் அடியில் நீருக்குள் நீளும் பலகை) தரையை உரசிய பிறகு கேட்டால் யாருக்கும் பயன் இல்லை.

இதற்குத் துணை 19-ஆம் விதி. கரையோரம் ஊர்ந்து போகும் படகுக்கும் கரைக்கும் நடுவே பின்னால் வரும் படகு மூக்கை நுழைக்கப் பார்க்கும். தொடர்ந்து நீளும் தடையில், பின்னால் இருந்து வந்து உள்ளே நுழையும் கணத்தில் அங்கே கடந்துபோகப் போதிய இடம் இல்லை என்றால், நுழைபவருக்கு இடம் கேட்க உரிமை இல்லை. விலகியிருக்க வேண்டிய பொறுப்பு முழுதும் அவருடையது. கரையைக் காத்துப் போகிறவருக்கு இது பெரிய பலம். கரைக்கும் எனக்கும் நடுவே ஒரு படகு அகலத்துக்கும் குறைவாக வைத்துப் போகிறேன் என்றால் இந்த விதி தெரிந்திருப்பதால்தான்.

மிதவையும் தண்டனையும்

மிதவையைச் சுற்றி மூன்று படகு நீள வட்டத்துக்குள் முதல் படகு நுழையும்போது உள்ளே ஒட்டியிருப்பவருக்கு இடம் தர வேண்டும் என்பது 18-ஆம் விதியின் சாரம். 4.2 மீட்டர் படகுக்கு அது 12.6 மீட்டர். நான் அளந்த ஓட்டத்தில் 25 விநாடியில் நீரே அந்தத் தூரத்தைக் கடத்திவிடும். ஆகவே இடம் என்பதை விதி எப்படி வரையறுக்கிறது என்று பார்த்தேன். அப்போதுள்ள சூழ்நிலையில், நல்ல படகோட்டியாகத் தாமதமின்றித் திரும்பத் தேவைப்படும் வெளி என்கிறது. ஓட்டமும் அந்தச் சூழ்நிலையில் அடக்கம். மேல்நீர் மிதவையில் உள்ளே இருப்பவருக்குக் கூடுதலாக விட வேண்டும். நீர் அவரை மிதவை மேல் தள்ளிக்கொண்டு வரும்.

மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. வழியுரிமை விதியை மீறினால் இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாக்கும் ஒரு ஜைப்பும் (படகின் பின்பக்கத்தைக் காற்றின் குறுக்கே திருப்புவது) இருக்க வேண்டும். மிதவையின் நங்கூரக் கயிறு மிதவையின் பகுதி ஆகாது. ஆனால் ஓடும் நீரில் அந்தக் கயிறு மேல்நோக்கிச் சாய்வாகக் கிடக்கும். சென்டர்போர்டில் அது சிக்கினால் மிதவையே இழுபட்டு வந்து படகில் மோதும்; அப்போது தொட்டதுதான் கணக்கு. அதனால் மேல்நீர்ப் பக்கம் ஒரு படகு நீளம் விட்டுத்தான் சுற்றுகிறேன்.

இரண்டு சுற்றுக்கு எனக்கு அரை நிமிடம் ஆகிறது. அதற்குள் நீர் 15 மீட்டர் கொண்டுபோய்விடும். கீழ்நோக்கிய கட்டத்தில் அது ஓரளவு லாபக் கணக்கு, மேல்நோக்கிய கட்டத்தில் இரட்டை நஷ்டம். வசதியான கட்டம் வரட்டும் என்று தள்ளிப்போட விதி இடம் தருவதில்லை; மற்ற படகுகளிடமிருந்து விலகிய உடனே சுற்ற வேண்டும்.

காற்று விழுந்த நாள்

காற்று அடங்கினால் ஏரியில் எல்லாரும் அப்படியே நிற்பார்கள். ஆற்றில் எல்லாரும் பின்னால் போவார்கள். அங்கே 45-ஆம் விதி கைகொடுக்கிறது. ஆயத்தக் குறிப்புக்குப் பின் படகைக் கரையில் கட்டக் கூடாது. தண்ணீர் இறைக்கவும் பாயைச் சுருக்கவும் பழுது பார்க்கவும் மட்டுமே விலக்கு. ஆனால் நங்கூரம் போடலாம், ஆழமில்லாத இடத்தில் இறங்கித் தரையில் நிற்கவும் செய்யலாம். புறப்படும்போது நங்கூரத்தை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். தரைதட்டினால் ஆட்களும் துடுப்பும் தள்ளி விடுவிக்கலாம். எஞ்சின் மட்டும் கூடாது.

அதற்காக ஒரு சிறிய மடக்கு நங்கூரத்தைப் படகில் ஏற்றிப் பழகினேன். முன்னால் இருந்தவர்கள் நங்கூரமின்றி மெல்லக் கீழே நழுவ, ஒரே இடத்தில் நின்றபடியே இடம் முன்னேறுவதைப் பார்ப்பது எனக்குப் புதிய மகிழ்ச்சி. ஆனால் ஓட்டத்தோடு போகும் கட்டத்தில் இதைச் செய்யக் கூடாது. அசையாத காற்றிலும், ஒரு நாட் வேகத்தில் மிதக்கும் படகுக்கு எதிரிலிருந்து ஒரு நாட் காற்று வீசும். அந்தச் சிறு காற்றிலேயே டாக் மாற்றி மாற்றி நீரை முந்த முடிகிறது.

தொடக்கப் படகில் ஒரு முறை

கிளப் வழக்கப்படி ஓட்டுபவர்களே முறைவைத்துப் பந்தயத்தையும் நடத்துகிறோம். என் முறை வந்தபோது காலக் கணக்கு என் பொறுப்பு. வெவ்வேறு வகைப் படகுகள் சேர்ந்து ஓடுவதால் போர்ட்ஸ்மவுத் யார்டுஸ்டிக் முறையில், எடுத்த நேரத்தை 1000-ஆல் பெருக்கி, அந்த வகைப் படகுக்கு வைத்த எண்ணால் (மெதுவான படகுக்குப் பெரிய எண்) வகுக்கிறோம்.

ஓட்டம் இந்தக் கணக்கை எப்படிச் சாய்க்கிறது என்று போட்டுப் பார்த்தேன். 1100 எண்ணுள்ள படகு 4 நாட், 1300 எண்ணுள்ளது 3.4 நாட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடல்மைல் மேலே, ஒரு கடல்மைல் கீழே. நிலைநீரில் திருத்திய நேரம் இருவருக்கும் கிட்டத்தட்டச் சமம். ஒரு நாட் ஓட்டத்தில் வேகப் படகுக்கு 32 நிமிடம், மெதுப் படகுக்கு 38.6 நிமிடம் ஆகிறது. திருத்திய பிறகும் மெதுப் படகு 38 விநாடி பின்தங்குகிறது. ஏறும்போது இழப்பதை இறங்கும்போது முழுதாக மீட்க முடியாது. ஆற்றில் மெதுப் படகுகளை ஓட்டுகிறவர்கள் இவ்வளவு பொறுமையாக வந்து சேர்வதை இதற்குப் பிறகு இன்னும் மதிக்கிறேன்.

பந்தயத்தில் இல்லாத படகுகளோடு இந்த விதிகள் செல்லாது. அங்கே சர்வதேச மோதல் தடுப்பு விதிகளோ அந்த ஆற்றுக்கான அரசு விதிகளோதான். ஒடுங்கிய வழியில் மட்டுமே பத்திரமாகப் போக முடிந்த பெரிய படகுக்குப் பாய்மரப் படகு இடையூறாகக் கூடாது. ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவதோ முதல் விதியே. அதற்காக இழந்த இடத்துக்கு நிவாரணம் கேட்கலாம்.

அடுத்த சீசனின் பந்தயக் குறிப்புகளுக்கு இரண்டு யோசனைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழியுரிமை விதிகளையும் 42-ஆம் விதியையும் கிளப் மாற்ற முடியாது; தண்டனைச் சுற்றை மாற்றலாம். ஆறு ஒடுங்கும் பகுதியில் இரண்டு சுற்றுக்கு இடமே இல்லாததால் ஒரு சுற்று போதும் என்று வைக்கலாம் என்பது ஒன்று. கரைக் கம்பத்துக்கு முன்னால், ஓடத்தக்க நீரில், ஒரு மிதவையைப் போட்டு அதையே கோட்டின் முனையாக்குவது மற்றொன்று. குழு கூடும் முன் அந்த மிதவை எங்கே நிற்க வேண்டும் என்று ஆழம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.