முருங்கை, கொய்யா, அப்பாவின் பதினொரு சாக்ஸ்

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை இருக்கிறது. துணிக்கொடிக்குப் போக மிஞ்சுவது ஒரே ஒரு மரத்துக்கான இடம். அந்த ஒரு மரம் எது என்று எனக்கும் அப்பாவுக்கும் மூன்று வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. பேச்சுவார்த்தை என்பதை மரியாதைக்காகச் சொல்கிறேன், கடைசி வாரம் இரண்டு பேரும் அம்மா மூலமாகத்தான் பேசிக்கொண்டோம்.

நான் முருங்கைக் கட்சி. காரணம் எளிது, எனக்குப் பொறுமை கிடையாது. நட்டால் ஒரே வருஷத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி, பூத்து, காய்த்து, இலையும் கொடுத்துவிடும். அப்பா கொய்யாக் கட்சி. வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு ஓய்வு பெற்றவர் என்பதால், நோட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டு மரத்துக்கும் வரவு செலவு போட்டுவிட்டார். முருங்கைப் பக்கம்: "வளர்ச்சி – வேகம். கட்டை – பலம் இல்லை. புழு – உண்டு." கடைசி வரிக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு. கொய்யாப் பக்கம்: "கட்டை – உறுதி. நிழல் – உண்டு. பிள்ளைகள் ஏறி விளையாடலாம்." இந்த வீட்டில் இருக்கும் ஒரே பிள்ளை நான்தான், எனக்கு 34 வயது.

"முருங்கை பருத்தா தூணாகுமா?" என்றார் அப்பா.

"நமக்கு எதுக்குப்பா தூணு? மரம்தானே வேணும்?"

"உன் பொண்ணுகிட்ட சொல்லு, நான் மரத்தைப் பத்தி மட்டும் பேசலைன்னு."

அம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டையும் நட்டுத் தொலைங்க, நான் கொடியை மாடிக்கு மாத்திக்கிறேன்" என்றார். அப்படித்தான் ஒரே நாளில், பத்தடி இடைவெளியில், இரண்டும் மண்ணுக்குள் போயின. எந்த மரம் எவ்வளவு விரியும் என்று யாரும் யோசிக்கவில்லை. தோப்பில் கொய்யாவுக்கு இருபதடி இடைவெளி விடுவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கு முன்னாலேயே தெரியும், ஆனால் பேச்சு நின்றிருந்த சமயம் என்பதால் சொல்லவில்லையாம்.

அப்பாவுடையது பதியன் போட்ட கன்று, முழங்கால் உயரம், பளபளவென்று ஏழெட்டு இலை. என்னுடையது மணிக்கட்டு கனத்தில் ஒரு முருங்கைப் போத்து, அதாவது ஒரு குச்சி. மேல் முனை காயாமல் இருக்கச் சாணி அப்பி நட்டு வைத்தேன். பார்க்க யாரோ ஆட்டைக் கட்டுவதற்கு அடித்த முளை மாதிரி இருந்தது. தினமும் காலையில் அப்பா அதைத் தாண்டும்போது, "விறகு நல்லாக் காயுது" என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டுப் போவார். பத்தொன்பதாம் நாள் பட்டையைப் பிளந்துகொண்டு மிளகு அளவில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. அன்றைக்கு நான் சும்மா இல்லை, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பூஞ்சையா இருக்கும்" என்றார்.

அதற்கப்புறம் என் மரத்தைப் பிடிக்க முடியவில்லை. ஆறாம் மாதம் மதிலை எட்டிப் பார்த்தது, எட்டாம் மாதம் பூ. காலையில் மரத்தடியில் நின்றால் தேனீக்களின் சத்தம்தான். அப்பா ஞாயிறுதோறும் கொய்யாவை டேப் வைத்து அளப்பார். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், நுனி இலையை ஒரு விரலால் மெதுவாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அளக்கிறார், "ரெண்டு இன்ச் ஏறியிருக்கு" என்று நோட்டில் வேறு எழுதுகிறார். கணக்காளர் செய்கிற வேலையா இது?

மழைக்காலம் வந்தது, என் ஆட்டம் முடிந்தது. ஒரு காலை, அடிமரத்தில் இடுப்பு உயரத்துக்கு யாரோ பழைய கம்பளியைச் சுற்றி வைத்திருந்தார்கள். யார் சுற்றினார்கள் என்று கிட்டப் போனேன், கம்பளி நகர்ந்தது. நூறு இருக்குமோ இருநூறு இருக்குமோ, ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்த கம்பளிப்பூச்சிகள். இரவெல்லாம் மேலே ஏறி இலையைத் தின்றுவிட்டு, பகலில் இப்படி அடிமரத்தில் கும்பலாக ஓய்வெடுப்பது அவற்றின் வழக்கம். தொடக்கூட வேண்டியதில்லை, உதிர்ந்த முடி பட்டாலே போதும், ராத்திரி தூக்கம் போச்சு. ரெயின்கோட், ஹெல்மெட், கையுறை என்று நிலாவுக்குப் போகிற கோலத்தில் சோப்புத் தண்ணீர் வாளியோடு இறங்கினேன். அப்பா ஜன்னலில் நின்று, நோட்டைப் பிரித்து, நிதானமாக வாசித்தார்: "புழு – உண்டு."

சரி, அதையும் தாண்டினோம். அடுத்தது காற்று. காய் நிறையத் தொங்கிய கிளை ஒன்று ராத்திரி சடசடவென முறிந்து, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாமாவின் கார் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. நான் நடுங்கிக்கொண்டே ஓடினேன். நல்ல வேளை, முருங்கைக் கட்டை பஞ்சு மாதிரி லேசு, காரில் ஒரு கீறல் இல்லை. தூணாகாத மரம் என்பதில் இப்படியும் ஒரு லாபம் உண்டு என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன், நோட்டில் ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். மாமா கிளையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்த காய்களைப் பற்றி இரண்டு தரப்பும் பேசவில்லை.

தப்பு என் மேல்தான். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், எனக்கு மனசு வரவில்லை. விட்டால் அது ஒல்லியாக மேலேயே போய்க்கொண்டிருக்கும், காயெல்லாம் தொரட்டிக்கும் எட்டாத இடத்தில் தொங்கும், காற்றுக்குக் கிளை நிற்காது. போத்து வைத்த மரத்துக்கு ஆணிவேரும் கிடையாது. கடைசியில் அப்பாவே ரம்பத்தை எடுத்து வந்து நெஞ்சு உயரத்தில் மூன்றே நிமிஷத்தில் வெட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. இரண்டு மாதத்தில் அந்த மொட்டையிலிருந்து ஏழு கிளை கிளம்பியது. நான் மறுபடி பெருமை பேச ஆரம்பித்தேன். "வேதாளம் முருங்கை மரம் ஏறிடுச்சு" என்றார் அப்பா, அம்மாவிடம்.

கொய்யாவுக்கு இவ்வளவு கதை இல்லை, அது நல்ல பிள்ளை. முதல் வருஷமே நாலு பூ விட்டது. கன்று தேறட்டும் என்று அப்பா அவற்றைக் கிள்ளினார், கிள்ளிவிட்டு அன்றைக்கு மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஒருநாள் மரத்துக்குத் தோல் வியாதி என்று வீட்டைக் கூட்டினார். போய்ப் பார்த்தால், பட்டை காகிதம் போல மெலிசாகச் சுருண்டு உரிகிறது, உள்ளே பச்சையும் செம்பும் கலந்த வழுவழுப்பு. கொய்யாவின் சுபாவமே அதுதான் என்று நம்பவைக்க எனக்கு அரைநாள் ஆனது.

மூன்றாம் வருஷம் பதினொரு காய் நின்றது. காய் முற்றும் நேரத்தில் பழ ஈ வந்து தோலைத் துளைத்து முட்டை வைக்கும், அதனால் ஒவ்வொன்றுக்கும் உறை மாட்ட வேண்டும். அப்பா தன் ஆபீஸ் சாக்ஸை எல்லாம் எடுத்து வந்தார். சாம்பல், கறுப்பு, பிரவுன், ஜோடி சேராமல் பதினொன்று, ஒவ்வொன்றின் வாயிலும் நூல் கட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் மரம் வேலைக்குக் கிளம்புவது போல இருந்தது. நோட்டில் "காய் 11, சாக்ஸ் 11" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். சாக்ஸ் ஈயைத் தடுத்ததா தெரியாது, அணிலைத் தடுக்கவில்லை. சாக்ஸோடு சேர்த்தே கடித்தது. பழுத்த வாசனை வந்தபிறகு வௌவாலும் வந்தது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டு பழம், ஒன்றில் பாதி.

ஆனால் கணக்கு உதைத்தது. மரத்திலும் தரையிலுமாகச் சாக்ஸ் ஒன்பதுதான் தேறியது. இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் நான்தான் பார்த்தேன், என் முருங்கையின் கவட்டையில், நாரும் பஞ்சுமாக ஒரு கூடு, அதிலிருந்து சாம்பல் நிறச் சாக்ஸின் கட்டைவிரல் பகுதி வெளியே தொங்குகிறது. அப்பா ஏணியை எடுத்தார். "உங்க எடையை என் மரம் தாங்காதுப்பா" என்றேன். ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறிப் பார்த்தவர், வெகுநேரம் இறங்கவே இல்லை. "குட்டி இருக்கு. மூணு" என்று கிசுகிசுத்தார்.

அந்த வருஷம் முருங்கையை ஒடிக்கிற பேச்சையே அப்பா எழ விடவில்லை, எழுப்பிய என்னைத்தான் திட்டினார். அடுத்த மழைக்கு அடிமரத்தில் மறுபடி கம்பளி சுற்றிக்கொண்டது. காலையில் எழுந்து வருகிறேன், பின்வாசலில் அப்பா, என் ரெயின்கோட், என் ஹெல்மெட், கையில் சோப்புத் தண்ணீர் வாளி. நான் உள்ளே போய் நோட்டைத் தேடி எடுத்து வந்து, ஜன்னலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"புழு – உண்டு."