மழைக்கு இரண்டு கொலைக் கதைகள்

கிளிநொச்சியில் மூன்று நாளாக விடாத மழை. கரண்டும் வந்து வந்து போகிறது. "நல்ல துப்பறியும் நாவல் இருந்தால் சொல்லுங்கோ அக்கா" என்று கேட்ட தம்பி, தங்கைகளுக்காக இது.

முதலில் ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா'. 2022இல் புக்கர் பரிசு பெற்றது. ஆனால் நான் வாசிக்கச் சொல்வது பரிசுக்காக இல்லை. இதில் கொலையுண்டவனே தன்னைக் கொன்றது யார் என்று தேடுகிறான். எங்கள் நாட்டுப் போரைப் படமெடுத்தவன். செத்துக் கண் விழித்தால், வரிசையும் கூச்சலுமாக அரசாங்கக் கந்தோர் மாதிரி ஓர் இடம். ஏழு இரவுதான் தவணை. கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்குள் அவன் எடுத்த படங்கள். அந்தப் பெட்டி வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடம்பெயர்ந்தபோது எங்கள் அல்பம் ட்ரங்குப்பெட்டியோடு போனது. அப்பாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வன்னியில் இருந்து வாசித்தால் இந்தக் கதை நெஞ்சில் வேறு மாதிரி இறங்கும்.

மனம் கனத்துவிட்டால் அப்புறம் ரிச்சர்ட் ஒஸ்மனின் 'த தேர்ஸ்டே மேர்டர் கிளப்', 2020இல் வந்தது. இங்கிலாந்தில் ஒரு முதியோர் குடியிருப்பு. வியாழக்கிழமைகளில் நாலு பேர் கூடி, துப்புக் கிடைக்காத பழைய வழக்குகளைக் கிளறுகிறார்கள். பிறகு வாசலிலேயே ஒரு கொலை. ஜோய்ஸ் அம்மாவின் நாட்குறிப்புப் பக்கங்கள் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இரண்டும் என்னிடம் இருக்கின்றன. பரந்தன் சந்திப் பக்கம் வருகிறவர்கள் சொல்லுங்கோ, கொண்டுவந்து தருகிறேன். முடிவை மட்டும் கொமெண்டில் போட்டுவிடாதீர்கள்.