மச்சான் எப்ப துருக்கிக்குப் போனவன்?

வன்னியில், முறிகண்டிக் கோயிலடியில் கச்சான் வாங்கிக்கொண்டு நின்றோம். தமிழ்நாட்டிலிருந்து யாத்திரை வந்த ஐயா ஒருவர் என் கூட்டாளியின் தொப்பியைப் பார்த்துவிட்டு, "தம்பி துலுக்கரா?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை. ஊரில் அப்படிச் சொல்லிப் பழகியிருப்பார். இப்போது அங்கேயே பலர் அந்தச் சொல்லை இளக்காரமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், அது வேறு கதை.

என் கூட்டாளி முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றுக்காரன். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது சின்னப் பெடியனாக ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து, சண்டை முடிந்தபின் திரும்பி வந்தவன். ஐயா போனதும் என்னைப் பார்த்தான்.

"அதென்ன மச்சான் துலுக்கர்?"

"துருக்கிக்காரர்."

"நான் எப்ப துருக்கிக்குப் போனனான்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கிழமை முழுக்க இதே வேலையாகப் போய்விட்டது.

'துர்க்' என்ற சொல் சமஸ்கிருதத்துக்கு 'துருஷ்க' என்று வந்தது. தமிழில் அது துருக்கர், பிறகு ரகரம் லகரமாகித் துலுக்கர். வடக்கே படையோடு வந்து ஆண்டவர்களில் முதலில் பெயர் பெற்றவர்கள் துருக்கியர் என்பதால், இனத்தின் பெயர் மதத்தின் பெயராகிவிட்டது. மெக்சிக்கோவிலிருந்து வந்த ஒரு பூவுக்குக்கூடத் துலுக்கச் செவந்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

அந்தத் துருக்கியரே தங்கள் பெயரைத் தங்கள் மொழியில் பொறித்த பழைய கல்வெட்டுகள் மொங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றங்கரையில் நிற்கின்றன, 732, 735ஆம் ஆண்டுக் கற்கள். 'துர்க்' என்பதன் பொருள் என்ன என்பதில் அடிபிடி. சீனப் பழைய நூல்கள், தலைக்கவசம் போலத் தெரியும் ஒரு மலையடியில் இருந்ததால் வந்த பெயர் என்கின்றன. வலிமை என்பாரும் உண்டு. எனக்குப் பிடித்தது 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தன் அகராதியில் சொன்னதுதான்: பழம் கனிகிற பருவம். திராட்சை பழுக்கும் காலத்துக்கும் வாலிபம் நிறைந்தவனுக்கும் இதே சொல்லாம்.

துருக்கியை ஆண்ட ஒஸ்மானியர் காலத்தில் அரண்மனைக்காரருக்கு 'துர்க்' என்றால் அனத்தோலியாவின் நாட்டுப்புறத்தான். 1923இல் குடியரசு வந்த பிறகு அது நாடே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் பெயரானது.

அடுத்த கிழமை ஒட்டுசுட்டான் றோட்டில் ஒரு பை பாலைப்பழம் வாங்கிக்கொண்டு போகும்போது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவன், "என்ர பிறப்புச் சான்றிதழில இலங்கைச் சோனகர் எண்டுதான் கிடக்கு" என்றான்.

சரி, அதையும் சொல்லிவிட்டேன். யவனர், யோனகர், சோனகர் என்று வந்த சொல் அது. யவனர் என்றால் முதலில் கிரேக்கர். இங்கிலிசில் எழுதும் 'மூர்' போர்த்துக்கேயன் வைத்தது, மொரோக்கோப் பக்கத்தாரின் பெயர்.

"அப்ப கிரேக்கம், மொரோக்கோ, துருக்கி. தண்ணீரூற்று எங்க மச்சான்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே பைக்குள் கைவிட்டு, மஞ்சளாய்க் கனிந்த ஒன்றைத் தேடி எடுத்து, "இந்தா, இவர்தான் துருக்கர்" என்று வாயில் போட்டான். ஒன்றோடு விடவில்லை. வீடு வந்து சேரும்போது பால் பிடித்து உதடு இரண்டும் ஒட்டிப்போய், கையசைத்துவிட்டு இறங்கினான்.